கடைசித் துண்டும் நூற்றுப் பதினெட்டாவது அறையும்

போர்ட் ஹெலன் பல்கலைக்கழகத்தின் மெரிட் கட்டடத்தில், 1996 அக்டோபர் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை, முந்தைய நாள் வரை வெறும் சுவராக இருந்த இடத்தில் ஓர் அறை இருந்தது. மூன்றாம் மாடி, கிழக்குக் கோடி. அதை முதலில் பார்த்தவள் துப்புரவுப் பணியாளர் இரியா கொஸ்கெலா. வாளியைக் கீழே வைத்தாள், கதவை மேலும் கீழும் பார்த்தாள், "இன்னொண்ணா? இதையும் நான்தானே துடைக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் பட்டியலில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அந்தக் கட்டடத்தின் குணம் அது. மனிதர்களைப் பற்றிய படிப்புகள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. சமூக அறிவியலும் மானுடப் புலங்களும் என்று வாசலில் பித்தளை எழுத்தில் போட்டிருக்கும். 1968இல் நாற்பத்து நான்கு அறைகளோடு திறந்தார்கள். மூன்றாம் வருடம், இந்த ஊர் வீடுகள் ஏன் ஏரிக்கு முதுகு காட்டி நிற்கின்றன என்று ஒரு சரித்திரப் பேராசிரியர் தூக்கம் கெட்டு யோசித்துக்கொண்டிருந்தபோது நாற்பத்தைந்தாவது அறை வந்தது. சுப்பீரியர் ஏரி இருப்பது தெற்கே, அறையின் சன்னல் வடக்கே, சன்னலைத் திறந்தால் ஏரி. அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று அறைகள் வந்துகொண்டே இருந்தன. யாரையாவது ஒரு கேள்வி நிஜமாகவே பிடித்துக்கொண்டால் அறை வரும். பதவி உயர்வுக்காக மட்டும் எழுதுகிறவர்களுக்கு வராது. அவர்கள் பழைய நாற்பத்து நான்கிலேயே அறைக்கு இரண்டு பேராக நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி செத்துப்போனால் அறையும் சுருங்கித் துடைப்பம் வைக்கும் அலமாரியாகிவிடும். அப்படி ஆறு அலமாரிகள் இரியாவிடம் இருந்தன. வெளியே நின்று பார்த்தால் கட்டடம் ஓர் அடிகூட வளரவில்லை. கூரையில் விழும் பனியும் அதே அளவுதான்.

ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு விதம். பியாட்ரிஸ் ஒலிவியே தாலாட்டுப் பாட்டுகளை ஆராய்ந்தார். அவர் அறைக்குள் போகிறவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் கண் சொருகும், அதனால் இரியா அங்கே துடைக்கும்போது உரக்கத் தன் மாமியாரைத் திட்டிக்கொண்டே துடைப்பாள். மக்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்று ஆராய்ந்த பொருளாதாரக்காரரின் கதவுக்கு வெளியே எப்போதும் ஒரு வரிசை நின்றது. எதற்கென்று வரிசையில் இருந்தவர்களுக்கே தெரியாது, ஆனால் நடுவில் புகுந்தால் சண்டைக்கு வருவார்கள். டார்லின் நபிகன் தன் பூர்வகுடி மக்களான ஒஜிப்வேக்களின் பேச்சில் நகைச்சுவை எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று ஆராய்ந்தாள். அவள் அறையில் சிரிப்பு முதலில் வரும், சிரிப்புக்கான காரணம் ஐந்து நிமிடம் கழித்து வரும். அண்டை வீட்டு வாசல் பனியை யார் தள்ளிவிடுகிறார், யார் தள்ளுவதில்லை என்று கணக்கெடுத்த புவியியல்காரரின் அறைக்குள் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனி பெய்தது. வாக்குறுதிகளைப் பற்றி எழுதிய தத்துவப் பேராசிரியையின் கதவு, சொன்ன நேரத்துக்கு வராதவர்களுக்குத் திறப்பதில்லை. அவரே பல நாள் வெளியே நின்றிருக்கிறார். புல முதல்வர் வெண்டல் ப்ரௌஸ் குழுக்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று ஆராய்ந்தவர். அவர் அறையில் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாத ஐந்து பேர் வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஓயாமல் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

புதிய அறை யாருடையது என்று தெரிந்துகொள்ள ஒரு வழக்கம் இருந்தது. கேள்விக்குரியவர் கை வைத்தால்தான் கதவு முதல் தடவை திறக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கட்டடத்தில் இருந்த நூற்று நாற்பத்தொரு ஆசிரியர்களும் வரிசையாக வந்து கைப்பிடியைத் திருகினார்கள். வரிசையைப் பார்த்துப் பொருளாதாரக்காரர் பரவசப்பட்டுக் குறிப்பெடுத்தார். ஒருவருக்கும் திறக்கவில்லை. ஆராய்ச்சி மாணவர்களும் நூலகரும் முயன்றார்கள். பட்டமளிப்பு அங்கி தைக்கிறவரைக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அத்தனை பேர் கை பட்டு அழுக்கான கைப்பிடியைத் துடைக்க இரியா துணியோடு வந்தாள். அழுத்தித் துடைத்தாள். கதவு திறந்துகொண்டது. தாழ்வாரத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டிருந்த ப்ரௌஸ் அதைப் பார்த்துவிட்டார்.

உள்ளே வெள்ளை மெழுகுத்துணி விரித்த நீள மேசை. அதன் மேல் காபிப் பாத்திரம், ஆவியோடு. பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் ஒரே ஒரு துண்டு புல்லா. ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பங்கள் ஏலக்காய் போட்டுப் பின்னல் பின்னிச் சுடும் இனிப்பு ரொட்டி அது, அந்த ஊரில் அது இல்லாமல் காபி இல்லை. சுவர் அலமாரியில் பச்சை அட்டை போட்ட முப்பத்தெட்டு நோட்டுப் புத்தகங்கள். இரியாவின் காது சிவந்துபோயிற்று. அந்த நோட்டுகளை அவள் கொதிகலன் அறையில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"இது உங்க கையெழுத்தா?" என்று ப்ரௌஸ் ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"நான் ஒண்ணும் ஆராயலை, டீன். தட்டுக் கழுவுறேன், அவ்வளவுதான்."

"என்ன தட்டு?"

"உங்க கூட்டத் தட்டுதான். பிஸ்கட்டோ கேக்கோ புல்லாவோ, எதை வெச்சாலும் கடைசித் துண்டை ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கிறீங்க. எல்லாத்துக்கும் போட்டி போட்டு எழுதுறீங்க, இதை மட்டும் ஒருத்தருக்கொருத்தர் பார்த்துட்டு விட்டுட்டுப் போறீங்க. ஏன்னு பார்த்தேன். எழுதி வெச்சேன்."

"எத்தனை தட்டு பார்த்திருப்பீங்க?"

"ரெண்டாயிரத்து அறுநூத்துப் பதினாலு."

ப்ரௌஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பதினேழு வருடமாக ஆராய்ச்சி செய்து எண்பத்தாறு கூட்டங்களைத்தான் பார்த்திருந்தார்.

பத்தொன்பது வருட நோட்டுகள் அவை. எந்தத் துறை, என்ன பலகாரம், எத்தனை பேர், வெளியே வெயிலா பனியா, கூட்டத்தில் சண்டை உண்டா என்றெல்லாம் எழுதியிருந்தாள். சரித்திரத் துறையினர் ஒரு தடவை கடைசித் துண்டு எலுமிச்சைக் கேக்கைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, கடைசியில் பதினாறில் ஒரு பங்கை விட்டுவிட்டுப் போனார்கள். உளவியல் துறை தட்டையே ஒளித்து வைத்தது. பார்த்த தட்டுகளில் கடைசித் துண்டை யாராவது எடுத்தது பத்தே பத்துத் தடவை. அந்தப் பத்துப் பேரையும் இரியா தாழ்வாரத்தில் தடுத்து, துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி, ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தாள். ஒருவர் வெளியூர்க்காரர், விவரம் தெரியாதவர். ஒருவர் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவர். ஒருவருக்கு அன்று காலைதான் மனைவி கர்ப்பம் என்று தெரிந்திருந்தது. இரண்டு பேர் ராஜினாமாக் கடிதத்தைப் பைக்குள் வைத்திருந்தார்கள். கணக்கில் பதினோராவதாகவும் ஒருவர் இருந்தார். முதல் நோட்டின் முதல் வரியில் அவர் பெயர் இருந்தது, தேதி இருந்தது, காரணம் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அது பல்கலைக்கழகத்தில் நடந்ததும் அல்ல.

துப்புரவுப் பணியாளருக்கு ஆராய்ச்சி அறை உண்டா என்பதை ப்ரௌஸின் வட்ட மேசை ஐவரும் ஒன்பது நாள் விவாதித்து, கதவு ஏற்கெனவே திறந்துவிட்ட காரணத்தால் கேள்வி காலாவதியாகிவிட்டது என்று தீர்மானம் போட்டார்கள். இரியா தினமும் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் தன் அறையில் உட்கார்ந்து நோட்டுகளைச் சேர்த்து எழுதத் தொடங்கினாள். மேசைமேல் இருந்த துண்டு காய்வதே இல்லை. அவளும் அதை எடுக்கவில்லை. தன் அறையில் தானே கடைசித் துண்டை எடுத்தால் அதைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்க வேண்டுமா கூடாதா என்பது அவளுக்குத் தெளிவாகவில்லை.

நவம்பரில் லார்ன் ஹாஸ்கெட் பல்கலைக்கழகத்தின் துணைத்தலைவராக வந்து சேர்ந்தார். சுரங்கப் பொறியாளர். கெட்டவர் அல்ல. கட்டப்பட்ட எதையும் அளந்து பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். மெரிட் கட்டடத்தை வெளியே அளந்தார், உள்ளே அளந்தார், எழுபத்து நான்கு அறைகள் எங்கே நிற்கின்றன என்று புரியாமல் மூன்று நாள் தூங்கவில்லை. நிற்க இடமில்லாத அறைகள் நிற்கக்கூடாது என்று முடிவு செய்து, முதலில் தாலாட்டு அறையைச் செங்கல் வைத்து அடைக்க இரண்டு கொத்தனார்களை அனுப்பினார். அவர்கள் சாயங்காலம் வரை திரும்பவில்லை. போய்ப் பார்த்தபோது சாந்துச் சட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வேறு இரண்டு பேர் போனார்கள். அவர்களும் அப்படியே. அந்த வாரம் போர்ட் ஹெலனில் தூக்கம் வராத கொத்தனார்கள் எல்லாரும் அந்த வேலைக்கு மனுப்போட்டார்கள். ஹாஸ்கெட் செங்கல்லைக் கைவிட்டு வேறு வழியில் போனார். ஜனவரியில் ஒரு விசாரணை. ஒவ்வோர் அறைக்காரரும் வந்து தன் ஆராய்ச்சியின் பயன் என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால், அதை ஆராய்வதை விட்டுவிடுவதாகக் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டால் கேள்வி செத்துவிடும், கேள்வி செத்தால் அறை தானே சுருங்கிவிடும் என்பதை அவர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

கட்டடம் கலங்கிப்போயிற்று. ஒரே வாக்கியத்தில் பேசிப் பழகியவர்கள் அங்கே யாரும் இல்லை. முதல் நாளே மூன்று பேர் வியர்த்து வழிந்து கையெழுத்துப் போட்டார்கள். இரியாவுக்கு மேலும் மூன்று அலமாரிகள் கிடைத்தன, அவற்றில் ஒன்று வடக்குச் சன்னலில் ஏரி தெரிந்த அந்தப் பழைய அறை. துடைப்பத்தை உள்ளே வைக்கும்போது அலமாரிக்குள் ஈரக் காற்றின் வாசனை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. தட்டுக் கழுவுகிறவள் தானாகவே விலகிக்கொண்டால் மற்றவர்களை விட்டுவிடுவார்களோ என்றுகூட யோசித்தாள். பிறகு, தான் விலகினாலும் அந்தக் கேள்வி தன்னைவிட்டு விலகப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் முறை வந்தபோது ஹாஸ்கெட்டின் முன் ஒரு தட்டு இருந்தது. விசாரணைக் குழுவுக்கு மூன்று மணிக் காபியோடு வந்தது. அதில் ஒரு துண்டு புல்லா மீதி.

"பயனைச் சொல்லுங்க, திருமதி கொஸ்கெலா. ஒரே வாக்கியம்."

"பயன் எனக்குத் தெரியாது. ஏன்னு தெரிஞ்சாகணும்."

"அது ரெண்டு வாக்கியம்."

"ஒண்ணை நீங்க வெச்சுக்கங்க."

ப்ரௌஸ் இருமினார். ஹாஸ்கெட் சிரிக்கவில்லை. "இதுல ஆராய என்ன இருக்கு? ஜனங்க கூச்சப்படறாங்க, அவ்வளவுதான். எடுக்கணும்னா எடுக்க வேண்டியதுதானே. இதோ" என்று கையை நீட்டினார். கை தட்டுக்கு நான்கு அங்குலம் மேலே போய் நின்றது. அவர் அதைப் பார்த்தார். அறையில் இருந்த ஏழு பேரும் பார்த்தார்கள். கையை யாரும் பிடிக்கவில்லை, கட்டவில்லை. நான்கு நிமிடம் அது அங்கேயே நின்றது. இரியா வழக்கப்படி நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஹாஸ்கெட்டின் நெற்றியில் வியர்வை வந்தது. பூமிக்கு அடியில் இரண்டாயிரம் அடி வரை போய் வந்த மனிதர் அவர். கடைசியில் கையை மடியில் போட்டுக்கொண்டு, வேறு குரலில் கேட்டார்: "ஏன் வரலை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றாள் இரியா.

அவர் நோட்டுகளை வாங்கி அங்கேயே உட்கார்ந்து இருட்டும்வரை படித்தார். படித்து முடித்து, முதல் நோட்டின் முதல் வரியில் விரலை வைத்தார். "பத்துப் பேரைக் கேட்டிருக்கீங்க. இந்தப் பதினோராவது ஆளைக் கேக்கலையே. ஐலி ஹைனொனென். யார் இவங்க?"

"என் அக்கா."

"உயிரோட இருக்காங்களா?"

"எதிர் வீட்டுலதான் இருக்கா."

"அப்ப ஏன் கேக்கலை?"

இரியா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஹாஸ்கெட் சுரங்கத்தில் பழகிய நியாயத்தைச் சொன்னார்: ஒரு தூணை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அளந்தால் அது அளவே அல்ல. துறைமுகத்தில் பனிக்கட்டி உருகி முதல் தானியக் கப்பல் வருவதற்குள் அந்தக் காலி இடத்தை நிரப்பிக் கொண்டுவந்தால், நூற்றுப் பதினெட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறேன், அதுவரைக்கும் மற்ற அறைகளையும் தொட மாட்டேன் என்றார். இப்படியாகக் கட்டடத்தின் தலைவிதி முழுவதும் இரண்டு சகோதரிகளின் சண்டையில் வந்து நின்றது.

1977 மார்ச்சில் அவர்கள் அம்மா இறந்தபோது நடந்தது அது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்தினம் அம்மா ஒரு புல்லா சுட்டு உறைபெட்டியில் வைத்திருந்தாள். அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் காபி கொடுக்கும்போது அதையும் எடுத்து அறுத்து வைத்தார்கள். அம்மா கையால் சுட்டதில் கடைசி ரொட்டி. வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். கடைசித் துண்டு தட்டில் நின்றது. அதை அப்படியே துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம் என்று இரியா நினைத்திருந்தாள். துணிகூடக் கையில் இருந்தது. ஐலி எட்டி எடுத்து இரண்டு கடியில் தின்றுவிட்டாள். இரியா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று சொல்லாதவள் அதற்குப் பிறகும் சொல்லவில்லை. இருபது வருடம். 38ஆம் எண் வீட்டில் இரியா, 41ஆம் எண் வீட்டில் ஐலி. குளிர்காலக் காலைகளில் இருவரும் ஒரே நேரத்தில் மண்வெட்டியோடு வருவார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு பனியைத் தள்ளுவார்கள், தெருவின் சரிபாதியில் நிறுத்திவிட்டுப் போவார்கள். அந்த நடுக்கோட்டைப் பற்றிப் புவியியல்காரர் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார், பெயர் போடாமல்.

இரியா இரண்டு மாதம் தள்ளிப்போட்டாள். மார்ச் கடைசியில் பனிக்கட்டி உடையும் சத்தம் துறைமுகத்திலிருந்து கேட்கத் தொடங்கியது. வெளியாட்களைக் கேள்வி கேட்பதானால் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. அந்தப் படிவம் கிடைத்தது ஒரு விதத்தில் அவளுக்கு நல்லதாகப் போயிற்று. வெறுங்கையோடு அந்தத் தெருவைக் கடக்க அவளால் ஆகியிருக்காது. ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு, படிவத்தை ஒரு கோப்பில் வைத்து எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டு அடி நடந்து, கதவைத் தட்டினாள்.

ஐலி கதவைத் திறந்தாள். அறுபத்து மூன்று வயது, தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், தங்கையைவிட ஒரு பிடி உயரம். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கோப்பைப் பார்த்தாள்.

"எதுனா விக்க வந்தியா?"

"ஆராய்ச்சி. கையெழுத்து வேணும்."

"ஓகோ. உள்ள வா, குளிர் உள்ள வருது."

சமையலறை மேசையில் ஐலி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். தபால்காரி, அவளிடம் எதையும் அவசரப்படுத்த முடியாது.

"'இந்த ஆய்வில் பங்கேற்பதால் சிறிய அளவு மன அசௌகரியம் ஏற்படலாம்.' சிறிய அளவாமே."

"எல்லாருக்கும் அதே படிவம்தான்."

"'பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.' அதை நல்லாவே செஞ்சுட்டேன், இருபது வருஷமா." கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். "கேளு."

இரியா பச்சை நோட்டைப் பிரித்தாள். எழுதி வைத்ததை அப்படியே வாசித்தாள். "1977 மார்ச் பன்னெண்டு. சர்ச் கூடம். பதினேழு பேர். வெளியே பனி. அம்மா சுட்ட புல்லாவோட கடைசித் துண்டை ஏன் எடுத்தே?"

இருபது வருடத்தில் இந்தக் கேள்விக்கு அவள் தானே எத்தனையோ பதில் எழுதிப் பார்த்திருந்தாள். மூத்தவள் என்ற திமிர். அம்மா தனக்குத்தான் சொந்தம் என்று ஊருக்குக் காட்டுவது. துக்கத்தில் புத்தி தடுமாறியது. தன்மேல் பொறாமை. ஒவ்வொன்றுக்கும் ஆதாரம்கூடச் சேர்த்திருந்தாள்.

"பசி" என்றாள் ஐலி.

இரியா பென்சிலை எடுத்தவள் எழுதவில்லை.

"பசிச்சுது, எடுத்தேன். மூணு நாள் ஆஸ்பத்திரியில அம்மா பக்கத்துல நின்னேன். அப்புறம் நீ பெட்டி, பாதிரியார், பூன்னு ஓடிட்டு இருந்தே, நான் வீட்டைக் கூட்டி, வந்தவங்களுக்குக் காபி ஊத்திட்டு இருந்தேன். தட்டு தட்டா நீட்டினேன். எனக்கு ஒருத்தரும் நீட்டலை. கண்ணை இருட்டிட்டு வந்துது. கைக்கு எட்டினது அதுதான்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டாத்தானே. நீ என்னைப் பாக்கலை, தட்டைத்தான் பார்த்தே."

இரியா அழவில்லை. அவர்கள் குடும்பத்தில் அழுகிற வழக்கம் இல்லை. நோட்டை மூடினாள், பென்சிலை மேலே வைத்தாள், அது உருண்டது, பிடித்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். அம்மாவின் கை மாதிரியே மூட்டுகள் தடித்துப்போயிருந்தன. இது எப்போது ஆயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு அடி தூரத்தில்தான் அது நடந்திருக்கிறது.

"காலையில சாப்டியா, அக்கா?"

"இல்லை."

இரியா எழுந்துபோய் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள், முட்டை எடுத்தாள், வாணலி எங்கே என்று கேட்காமல் சரியான இழுப்பறையைத் திறந்தாள். தோசை மாதிரி மெல்லிசாக ஃபின்லாந்துப் பான்கேக் சுட்டாள், பதினான்கு. இருவரும் சாப்பிட்டார்கள். கடைசிப் பான்கேக்கைப் பற்றி ஒரு பேச்சும் எழவில்லை. யார் எடுத்தார்கள் என்று இரியா அன்று குறித்துவைக்க மறந்துவிட்டாள். அவள் ஆராய்ச்சியில் தவறவிட்ட தகவல் அது ஒன்றுதான். சாயங்காலம் ஐலியின் கொல்லையில் இருந்த சௌனாவை, அதாவது மரப்பலகை அடித்த நீராவிக் குளியல் அறையை, விறகு போட்டுச் சூடாக்கி இருவரும் போய் உட்கார்ந்தார்கள். சூட்டுக் கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, ஆவிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெரும்பாலும் செத்துப்போனவர்களைப் பற்றிய வம்பு. தெரு முனைவரை சிரிப்புச் சத்தம் கேட்டதாக அண்டை வீட்டார் சொன்னார்கள்.

திங்கட்கிழமை இரியா வேலைக்குப் போனாள். பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்தால் கேள்விக்கு வேலையில்லை, அறை அலமாரியாகியிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் மூன்றாம் மாடி ஏறினாள். அறை சுருங்கவில்லை, ஒரு கஜம் நீண்டிருந்தது. பத்துப் பேரிடம் கேட்டபோது அவளும் அவர்களுடைய கையைத்தானே பார்த்தாள், அன்றைக்குச் சாப்பிட்டார்களா என்று ஒருவரையும் கேட்கவில்லையே. அத்தனை பேரையும் மறுபடி தேடிப்போய்க் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. பத்தில் நான்கு பேர் அன்று பட்டினி. கேட்டதும் நான்கு பேருமே ஆச்சரியப்பட்டார்கள், அவர்களுக்கே அது ஞாபகத்தில் இல்லை. அறிக்கையை ப்ரௌஸ் அச்சுக்கு அனுப்பினார். அதன்பின் கூட்டங்களில் தட்டை மேசை நடுவில் வைப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் நீட்டும் வழக்கம் வந்தது. கூட்டங்கள் கால் மணி நேரம் குறைந்தன. இதற்குக் காரணம் என்ன என்று ப்ரௌஸின் ஐவரும் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹாஸ்கெட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த 1997 ஏப்ரல் பதினொன்றாம் தேதி முதல் கப்பல் சங்கு ஊதுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே கையெழுத்துப் போட்டார். விசாரணையைக் கலைத்தார். கையெழுத்திட்டு அறையை இழந்த மூவரும் அந்தக் காகிதங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய் ஒரு வாரம் விசனத்தோடு யோசித்ததில் அலமாரிகள் மெல்ல விரிந்தன. துடைப்பங்களை எடுத்துக்கொள்ளும்படி இரியாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மாதமே தாழ்வாரத்தின் மறுகோடியில் நூற்றுப் பத்தொன்பதாவது கதவு தோன்றியது. இந்தத் தடவை யாரும் வரிசையில் நிற்கவில்லை, நேராக ஹாஸ்கெட்டைக் கூப்பிட்டார்கள். கதவு திறந்தது. உள்ளே சுவர்கள் கருங்கல்லாகவும், கூரை தாழ்வாகவும், சுரங்கத்தின் இதமான சூட்டோடும் இருந்தது. மனிதன் தன்னைத்தானே தடுத்துக்கொள்வது எந்த இடத்தில் என்பது அவருடைய கேள்வி. வியாழக்கிழமை தோறும் டைக்குப் பதில் தலைவிளக்கு மாட்டிக்கொண்டு உள்ளே போவார். அந்த நாள்களில் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது.

ஐலி சில நாள் தங்கைக்குத் துணையாக நோட்டுகளைப் பிரதி எடுத்துக் கொடுக்க வந்தாள். வந்த இடத்தில் சும்மா இருக்கவில்லை. சௌனாவுக்குள் உண்மை பேசுகிற ஜனங்கள், வெளியே வந்து சட்டையை மாட்டியதும் பேச்சை மாற்றுவது ஏன், நாமும் இருபது வருடம் அதைத்தானே செய்தோம் என்று ஒரு நாள் மத்தியானம் கேட்டாள். கேட்டுவிட்டு அதை விட முடியாமல் நான்கு நாள் சுற்றினாள். ஐந்தாம் நாள் நூற்றிருபதாவது அறை வந்தபோது அது விறகு எரியும் சௌனாவாகவே வந்தது. பிர்ச் மரப் பலகை, இரண்டு படி, சூட்டுக் கல், வாளி, அகப்பை, எல்லாம் இருந்தன. இரியா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "சாம்பலை யாரு அள்ளுறது?" ஐலி, "நான்தான்" என்றாள். அதோடு அந்தப் பிரச்சினை தீர்ந்தது. மெரிட் கட்டடத்துக்குப் புகைபோக்கி கிடையாது. கூரையிலிருந்து புகை மட்டும் வந்தது.

புகையைப் பார்த்து யாரோ சொல்லிவிட, நகராட்சித் தீயணைப்புப் பரிசோதகர் ரேமண்ட் ஸூக் படிவத்தோடும் சிவப்பு முத்திரையோடும் வந்தார். கல்லூரிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் திறந்த நெருப்பு வைத்திருப்பது எத்தனை விதிகளை மீறுகிறது என்று ஐலியிடம் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பதினேழு. ஐலி பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பார்க்காமல் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டு ஒரு துவாலையைக் கொடுத்தாள். பரிசோதகர் ஒரு மணி நேரம் உள்ளே இருந்தார். தீயைக் கண்டால் தனக்கு இருபத்தாறு வருடமாகப் பயம் என்றும், இந்த வேலைக்குச் சேர்ந்தது அப்பாவுக்காக என்றும், தனக்கு நிஜமாகப் பிடித்தது தேனீ வளர்ப்புதான் என்றும் ஆவிக்குள்ளிருந்து சொன்னார். ஐலி பலகையின் மறுகோடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் செக்கச் சிவந்து, பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். படிவத்தில், வெளியேறும் வழிகள் போதுமானவை என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய பரிசோதனையை அதன்பின் அவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்கிறார். துவாலையை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுவார். அவருடைய தேனீப் பெட்டிகளில் அந்த வருடம் தேன் நன்றாக இறங்கியது.